பாதிப் படி

பலூன் மஞ்சளா பச்சையா என்பதிலேயே நாற்பது நிமிடம் போய்விட்டது. மஞ்சள்தான் நம்பிக்கையின் நிறம் என்றார் நிர்வாக அதிகாரி. பச்சைதான் என்று அவருடைய உதவியாளர் செல்போனில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். மேசையைச் சுற்றி இருந்த பதினொரு பேரும் அந்தப் படத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் அது டாக்டரிடம் வந்து நின்றது. இளைஞர் மனநலப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர், இன்னும் ஏழு வாரத்தில் ஓய்வு பெறப் போகிறவர், நாளைக்கு நடக்கவிருக்கும் தற்கொலைத் தடுப்பு விழாவில் மேடையேறிக் கேடயம் வாங்கப் போகிறவர். ஆகவே கடைசிச் சொல் அவருடையதாக இருக்கட்டும் என்று எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"எதையாவது ஊதுங்க," என்றார் டாக்டர்.

நிர்வாக அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். எதற்கெடுத்தாலும் கூட்டம் போடுவதால் அவருக்கு 'வட்டமேசை' என்று பெயர். பேர் வைத்தது டாக்டர்தான். ஆனால் அது ஊர் முழுக்கப் பரவும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அடுத்தது நாற்காலி. இருநூறு நாற்காலி வாடகைக்கு வந்து காலையிலேயே இறங்கிவிட்டது, பத்திரமான இடத்தில் அடுக்கியாகிவிட்டது என்று வட்டமேசை பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தபோது நர்ஸ் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். பத்தொன்பது வருடத்தில் அவள் கதவைத் தட்டாமல் வந்தது இது இரண்டாவது முறை.

"மேடம், இதப் படிங்க."

அவள் கையில் இருந்தது நோயாளி ஒருவருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன குறுஞ்செய்தி. அன்புடையீர், தாங்கள் தொடர்ந்து மூன்று முறை வருகை தராததால் தங்கள் கோப்பு மூடப்பட்டுவிட்டது. எங்கள் சேவையை ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடவும். நன்றி.

"யாருக்குப் போயிருக்கு?"

"சைடு கதவு வழியா வர்ற எல்லாருக்கும். நாப்பத்தியொரு பேர் மேடம். பதினொன்றரைக்கே போயிருக்கு."

டாக்டர் மிகவும் மெதுவாக, சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்வது போல, வட்டமேசையிடம் விளக்கினார். முன்வாசலில் போன மாதம் வைத்த இயந்திரத்தில் எண்ணைத் தட்டினால்தான் வந்ததாகக் கணக்கு. ஆனால் தன்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் முன்வாசலில் வருவதில்லை. சலவைக் கூடத்தை ஒட்டிய இரும்புப் படியேறி, இரண்டாம் மாடியின் பக்கக் கதவு வழியாக நேரே அறைக்கு வந்துவிடுவார்கள். இதை இயந்திரம் வாங்குவதற்கு முன்பே மூன்று கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

"சிஸ்டத்துல வரலன்னா வரலதான மேடம்?"

"என் எதிர்ல உக்காந்து மூணு வாரமா பேசிட்டுப் போறாங்க சார். அப்ப நான் கனவா கண்டேன்?"

"நீங்க பாத்தது சிஸ்டத்துக்குத் தெரியாதுல்ல," என்றார் வட்டமேசை. அவர் கெட்டவரில்லை. உண்மையிலேயே அவருக்கு அது நியாயமாகப் பட்டது. அதுதான் டாக்டருக்குத் தாங்க முடியவில்லை. கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம்.

அந்தப் பக்கக் கதவுக்கு ஒரு காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், பதினாறு வயதுப் பையன் ஒருவன் மூன்றாவது முறை வரவேண்டிய நாளில் வரவில்லை. புது டாக்டர், புதுப் பேனா. கோப்பில் அழகான கையெழுத்தில் 'வரவில்லை' என்று எழுதி, கீழே ஒரு கோடும் போட்டார். பதினோராவது நாள் செய்தி வந்தது. அதற்கப்புறம்தான் வாசலில் இருந்த காவலாளி தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்தப் பையன் வந்தான், கூடத்தில் அவனுடைய பள்ளி ஆசிரியர் வேறு ஏதோ வேலையாக உட்கார்ந்திருந்தார், அவரைப் பார்த்துவிட்டு வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றான், பிறகு போய்விட்டான். வந்தவனை வரவில்லை என்று எழுதியாகிவிட்டது. அந்தக் கோப்பு எந்த அலமாரியில், எந்தத் தட்டில் இருக்கிறது என்று டாக்டருக்கு இன்றைக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு பக்கக் கதவைத் திறக்க வைத்தார். அதற்கே இரண்டு வருடம் பிடித்தது. படியேறிப் பாதி தூரம் வந்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் இருந்தார்கள். படிக்குக் கீழே துணி உலர்த்தும் சலவைக்காரருக்கு அது தெரியும். தினமும் சாயங்காலம் நர்ஸ் அவரிடம் போய், "இன்னைக்கு யாரு வந்துட்டுப் போனாங்க?" என்று கேட்டு நோட்டில் எழுதுவாள். அந்த நோட்டில் இரண்டே பத்திகள்தான். 'வந்தார்' ஒன்று. 'பாதிப் படி' மற்றொன்று. மூன்றாவது பத்தி கிடையாது. பாதிப் படி வந்தவர்களுக்கு மறுநாள் நர்ஸ் போன் பண்ணி, வந்ததற்கு நன்றி சொல்லி அடுத்த தேதியைச் சொல்வாள். இயந்திரம் செய்த கம்பெனியிலிருந்து வந்த கண்ணாடிப் பையனிடம் டாக்டர் இந்த நோட்டைக் காட்டியபோது, "பாதிப் படிக்கு ஆப்ஷன் இல்ல மேடம்" என்று சிரித்தான்.

பலூனை அவர்களிடமே விட்டுவிட்டு டாக்டரும் நர்ஸும் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்தார்கள். ஒருவன் ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் போட்டிருந்தான். இன்னொருத்தி, "ஒண்ணுதான் குடுத்தேன் மேடம், ஆனா அது உங்களுக்கில்ல, ஆஸ்பத்திரிக்கு" என்றாள். கல்லூரிப் பையன் ஒருவன், "அப்ப நான் சரியாயிட்டேனா?" என்று ஆசையாகக் கேட்டான். ஒரு பெண் ஒன்றுமே பேசாமல் போனைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அவளோடு டாக்டர் பத்து நிமிடம் இருந்தார். மூன்று மணிக்கு நாற்பது பேர் கிடைத்துவிட்டார்கள். ஒருத்தி கிடைக்கவில்லை.

அவளை அவர்கள் 'குடை' என்பார்கள். பத்தொன்பது வயது. வெயிலோ மழையோ, கையில் நீளமான கறுப்புக் குடை. நாற்காலியில் உட்கார்ந்தால் அதை முழங்கால் மேல் குறுக்கே வைத்துக்கொள்வாள். முதல் மூன்று வாரம் நோட்டில் அவளுக்குப் பாதிப் படிதான். நாலாவது வாரம் மேலே வந்தாள். அதற்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமைகூடத் தவறவில்லை. இன்றைக்கும் செவ்வாய்க்கிழமை. அவளுக்கு நாலு இருபது.

ஐந்தாவது முறை அடித்தபோது போனை எடுத்தது அவளுடைய அம்மா.

"அவ ஃபோன வெச்சிட்டுப் போயிட்டா டாக்டர். நீங்களே கூப்பிட்டது நல்லதாப் போச்சு. மூணு வாரமா வரலையாமே? என் நம்பருக்குத்தான் மெசேஜ் வந்துச்சு. ஒவ்வொரு வாரமும் நானே பஸ் ஏத்தி விடுறேன். வேலைக்கு லீவு போட்டு ஏத்தி விடுறேன். எங்க சுத்தப் போறாளோ!"

"வந்தாம்மா. மூணு வாரமும் வந்தா."

"மெசேஜ்ல..."

"மெசேஜ்தான் பொய் சொல்லுது. அவ சொல்லல."

அந்தப் பக்கம் எங்கோ குக்கர் விசில் அடித்தது.

"ஐயோ," என்றாள் அம்மா. "நான் கேக்கக் கூடாததெல்லாம் கேட்டுட்டேனே."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. ஃபோன மேசை மேல வெச்சா. செருப்ப மாட்டினா. பன்னெண்டு மணி இருக்கும்."

"குடை இருக்கா பாருங்க."

"என்னது?"

"கதவுக்குப் பின்னால மாட்டி வெப்பான்னு சொன்னீங்களே, அந்தக் குடை. இருக்கா பாருங்க."

செருப்புச் சத்தம் போய்த் திரும்பி வந்தது. "இல்ல டாக்டர். எடுத்துட்டுப் போயிருக்கா."

எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். முப்பத்தொரு வருடப் படிப்புக்கும் அனுபவத்துக்கும் கையில் பிடித்துக்கொள்ள அது ஒன்றுதான் கிடைத்தது. அவளுடைய அண்ணனை, அவள் வழக்கமாகப் போகும் நூலகத்துக்கு அனுப்பச் சொன்னார். போலீஸுக்குத் தானே பேசுவதாகச் சொன்னார். "நீங்க வீட்டுலயே இருங்க. வந்தா கேள்வி கேக்காதீங்க. தப்பு என் மேலன்னு மட்டும் சொல்லுங்க." போலீஸில் எடுத்தவர், பெண்ணின் உயரம், நிறம், உடை எல்லாம் கேட்டுவிட்டு, "வேற அடையாளம்?" என்றார். "குடை," என்றார் டாக்டர். "வெளியில மழை இல்லையே மேடம்," என்றார் அவர். டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, "அதனாலதான் சார் அது அடையாளம்," என்றார்.

நடுவில் கணவர் கூப்பிட்டார். நாளைக்கு வரப்போகும் கேடயத்துக்கு அலமாரியில் இடம் ஒதுக்கியாகிவிட்டது, அகலம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டார்.

"என்னங்க, ஃபோன வெச்சிருங்க. உங்களத் திட்டிடுவேன்."

"சரி, வந்து திட்டு," என்று வைத்துவிட்டார். நல்ல மனிதர்.

நாலு மணிக்கு, அவள் வந்தால் எதிரே நிற்கலாம் என்று டாக்டர் பக்கக் கதவுக்குப் போனார். போகும் வழியே இல்லை. கதவை மறைத்துக்கொண்டு, நடைபாதை முழுக்க, கூரை முட்டும் அளவுக்கு நாற்காலிகள் அடுக்கியிருந்தன. பத்திரமான இடம் என்று வட்டமேசை சொன்னது இதைத்தான். தற்கொலைத் தடுப்பு விழாவுக்கு வந்த இருநூறு நாற்காலி. ஒவ்வொன்றின் முதுகிலும் வாடகைக் கடையின் சிவப்பு எண்.

டாக்டர் சிரித்தார். நர்ஸுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. பிறகு டாக்டர் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு முதல் நாற்காலியை இழுத்தார். அது அடுத்ததோடு சிக்கிக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் இழுத்து இழுத்து வராந்தாவில் போட்டார்கள். சத்தம் கேட்டு வட்டமேசை ஓடி வந்தார்.

"மேடம், என்ன பண்றீங்க? நாளைக்கு விழா!"

"எதுக்கு சார் விழா?"

அவர் டாக்டரைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார், நாற்காலிக்குப் பின்னால் மேல்விளிம்பு மட்டும் தெரிந்த கதவைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாலு நாலு நாற்காலியாகத் தூக்க ஆரம்பித்தார். ஆள் பலசாலிதான் என்பது டாக்டருக்கு அன்றுதான் தெரிந்தது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

நாலு இருபத்தைந்துக்குக் கதவு திறந்தது. கீழே சலவைக்காரர் கொடியில் வெள்ளைப் போர்வைகளைப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "இப்பதான் தொறக்கிறீங்களா டாக்டரம்மா?" என்றார்.

"அண்ணா, குடைப் பொண்ணு வந்துச்சா?"

"ஒரு மணிக்கே வந்துச்சே. மேல வரைக்கும் போச்சு. கதவைத் தள்ளித் தள்ளிப் பாத்துச்சு. அப்புறம் பாதிப் படியில உக்காந்துக்கிச்சு. ரெண்டரை வரைக்கும் இருந்துச்சு."

ஒரு மணி. அப்போது அவர்கள் பலூன் நிறம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவுக்கும் அந்தக் கூட்ட அறைக்கும் நடுவில் இருபது அடி இருக்கும், இருநூறு நாற்காலி இருக்கும். அதற்கப்புறமும், தான் போனும் கையுமாக ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது இரண்டரை வரைக்கும், அவள் இங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்ணா எங்கிட்ட சொல்லல?"

"சாயங்காலம் சிஸ்டர் வந்து கேக்கும்ல? அப்ப சொல்லலாம்னு இருந்தேன்," என்றார் அவர். சொல்லிவிட்டு, தான் ஏதோ பிசகிவிட்டதை உணர்ந்தவராக, கையிலிருந்த போர்வையை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த ஏற்பாட்டைச் செய்தவரே டாக்டர்தான். எல்லா ஏற்பாட்டிலும் எங்கேயாவது ஒரு நாற்காலி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, வாசலிலேயே நின்றார். நர்ஸ் பின்னால் நோட்டோடு நின்றாள். நாலே முக்கால் ஆயிற்று. அண்ணன் நூலகத்திலிருந்து பேசினான், அங்கே இல்லை. ஐந்து ஆயிற்று. காய்ந்த போர்வைகள் ஒவ்வொன்றாகக் கொடியை விட்டு இறங்கின.

ஐந்து பத்துக்கு இரும்பில் டக் என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. செருப்புச் சத்தம் இல்லை, ஊன்றுகோல் மாதிரியான சத்தம். ஒவ்வொரு படிக்கும் ஒன்று. திருப்பம் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. மேலிருந்து பார்த்தால் ஆள் தெரியாத இடம் அது. துளை போட்ட இரும்புப் படியின் விளிம்பில் கறுப்புக் குடையின் நுனி மட்டும் தெரிந்தது.

நர்ஸ் ஓசைப்படாமல் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய், அம்மாவுக்கு இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு வந்தாள்.

பாதிப் படியில் நிற்கிறவர்களை நோக்கி இறங்கிப் போகக் கூடாது என்பது டாக்டர் தானே போட்ட விதி. இறங்கினால் ஓடிவிடுவார்கள். அவர் ஒரே ஒரு படி இறங்கி, அதில் உட்கார்ந்தார். முழங்கால் கடக்கென்றது.

"நான் வரவே இல்லையாமே," என்றது கீழேயிருந்து குரல். அழுது தீர்ந்த குரல் இல்லை. நல்ல கோபத்தில் இருந்த குரல். அதைக் கேட்டு டாக்டருக்கு மூச்சு வந்தது.

"யார் சொன்னா?"

"உங்க மெசேஜ்."

"அது முட்டாள்."

குடையின் நுனி இரும்பில் ஒரு முறை தட்டியது.

"கதவைப் பூட்டினது?"

"அது நாங்க. நாங்களும் முட்டாள்தான்."

"அம்மா என்னைய நம்பல."

"அவங்ககிட்ட பேசிட்டேன். மூணு வாரமும் நீ வந்தேன்னு சொல்லிட்டேன்."

"இன்னைக்கு?" என்றாள் அவள். "இன்னைக்கு என்னன்னு எழுதுவீங்க?"

டாக்டர் திரும்பிப் பார்த்தார். நர்ஸ் நோட்டை விரித்து வைத்திருந்தாள். பேனா மூடியைத் திறந்திருந்தாள். இரண்டு பத்திக்கும் நடுவில் இருந்த கோட்டின் மேல் பேனா நின்றுகொண்டிருந்தது.

"இன்னும் எழுதல," என்றார் டாக்டர்.

கீழே சலவைக்காரர் கடைசிப் போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி அசையாமல் நின்றார். குடையின் நுனி படியின் ஒரு துளைக்குள் செருகி, அப்படியே நின்றது. பிறகு மெல்ல அசைந்து, துளையை விட்டு வெளியே வந்து, ஒரு விரற்கடை உயரத்தில் காற்றில் நின்றது.