இத்தோ நடந்து தோண்டிய கோடு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். நோன்பு வைத்த வாயால், பக்கத்து வீட்டு ஹரீரா சூப்பின் மணம் மூக்கைத் துளைக்கும் இந்த நேரத்தில், பொய் சொல்ல எவனுக்கும் தெம்பு இருக்காது.

மொராக்கோவில் கெனிஃப்ரா நகரத்துக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கும் எங்கள் ஊர் மைதானத்தில் இத்தோ உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சிறுவயதில் இடதுபக்க ஆட்டக்காரியாக வந்தவள், எல்லைக்கோட்டின் உள்விளிம்பை ஓடியே தேய்த்தாள். முழங்கால் போனபின் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளரானாள். அதே கோட்டின் வெளிவிளிம்பை நடந்தே தேய்த்தாள். இரண்டு பக்கமும் அரைபட்டு, கோடு இருந்த இடம் வாய்க்காலாகிவிட்டது. சுண்ணாம்பு போடுகிறவர் ஏணி வைத்து இறங்கி அதன் அடியில்தான் கோடு போட்டார். மழைக்காலத்தில் வாத்துகள் நீந்தின. ஒருமுறை ஒரு வாத்துக்கு ஆஃப்சைடு கொடுத்துவிட்டார்கள்.

அந்த ரமலானில் கழகத் தலைவர் ஹாஜ் பென்னாசர் அவளை அழைத்தார்.

“மகளே, இந்தக் கோப்பை வந்தாத்தான் பொண்ணுங்க அணி இருக்கும். இல்லேன்னா மைதானத்துல கோதுமை காயப்போட்டுருவேன்.”

“கோதுமை ஓடுமா ஹாஜி?”

“ஓடாது. அதான் எனக்குப் புடிச்சிருக்கு.”

அன்றிலிருந்து இத்தோ தூக்கத்திலும் நடந்தாள். காலையில் கட்டில் பக்கத்துத் தெருவில் இருந்தது. அணி போனால் பெண்கள் அவரவர் வீட்டுச் சுவருக்குள் போய்விடுவார்கள். அதை நினைத்தால் அவளுக்கு உள்ளங்கால் எரிந்தது.

இறுதி ஆட்டத்துக்கு எதிரணியின் பேருந்து மலையேற முடியாமல் தாமதமாக வந்தது. ஆட்டம் நோன்பு திறக்கும் வேளைவரை இழுக்கும் என்று தெரிந்துபோயிற்று.

“சைரன் ஊதினா நோன்புதாண்டி முடியும், ஆட்டம் முடியாது. கேக்குதா?” என்றாள் இத்தோ.

“எங்களுக்குக் கேக்குது கோச். வயித்துக்குத்தான் கேக்காது” என்றாள் தலைவி தூதா.

கோலே விழவில்லை. கடைசி நிமிடத்தில் பந்து வாய்க்காலுக்குள் விழுந்து, சரிவோடு உருளத் தொடங்கியது. அப்போது சைரன் ஊதியது. ஆட்டக்காரிகள், பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்கள். எதிரணி கோல்கீப்பர் கையுறைக்குள்ளிருந்து பேரீச்சம்பழத்தை எடுத்தாள். நடுவருக்கு யாரோ ஹரீராக் கிண்ணத்தை நீட்டினார்கள். ஊரே மென்றுகொண்டிருந்தது. பந்தும் இத்தோவும் மட்டும் நகர்ந்தார்கள். பந்து உள்ளே, அவள் வெளியே. காலை நீட்டினால் எட்டும் தூரம், ஆனால் தொடக்கூடாது.

“தூதா! எந்திரிடீ, தின்னது போதும்!”

வாய்க்கால் முடியும் கொடிமூலையில் பந்து துள்ளி மைதானத்துக்குள் வந்தது. தூதா பேரீச்சங்கொட்டையைத் துப்பிக்கொண்டே ஓடி, ஆளில்லாத வலைக்குள் அதை உதைத்தாள். நடுவர் விசிலை ஊதினார். சூப்புதான் வந்தது.

“பந்து வெளிய போயிருச்சுய்யா!” என்று கத்தினார் எதிரணிப் பயிற்சியாளர்.

“இறங்கிப் பாருங்க. கோடு எங்க இருக்கு? கோட்டு மேலயே போற பந்து எப்ப வெளிய போச்சு?” என்றாள் இத்தோ.

நடுவர் கிண்ணத்தோடு வாய்க்காலில் இறங்கினார். சுண்ணாம்பைத் தொட்டுப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு கை மட்டும் மேலே வந்து மைதானத்தின் நடுவைக் காட்டியது. கோல்.

ஹாஜ் பென்னாசர் எழுந்து வந்தார். பிறகு தன் கிண்ணத்தை அவளிடம் நீட்டினார்.

“அணி இருக்கட்டும். இப்பவாவது உக்காந்து குடி மகளே.”

“உக்காந்தா, அடுத்த வருசம் என்ன பண்ணுவேன்னு காலு கேக்கும் ஹாஜி” என்றவள், நடந்துகொண்டே குடித்தாள்.

இதோ, எனக்கும் நோன்பு திறந்தாயிற்று, இனி உண்மையைச் சொல்லிவிடலாம்: எங்கள் ஊரில் பெண்களுக்கென்று ஒரு கால்பந்து அணி இன்றுவரை தொடங்கப்பட்டதில்லை.