நாற்பது கேள்விக்கும் மூன்று

1.
இந்தக் கதையை எழுத எனக்குத் தகுதியில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எம்.பி.ஏ. மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவள். சுற்றுச்சூழலுக்கு நிறுவனங்கள் பொறுப்பா என்று அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என அளப்பது என் ஆய்வு. நாற்பது கேள்வி. ஒன்று என்றால் மறுக்கிறேன், ஐந்து என்றால் ஏற்கிறேன், மூன்று என்றால் கருத்தில்லை. என் மாணவி அருணாதேவி நாற்பதுக்கும் மூன்று போட்டிருந்தாள். அப்படிப்பட்ட தாளைக் கழித்துவிடுவது வழக்கம். மனசு வராமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2.
கிரிவலப் பாதையில் மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த... (மழையே இல்லை. அழகுக்குப் போட்டேன்.)

மறுபடி தொடங்குகிறேன். மதிய இடைவேளையில் அவளைக் கூப்பிட்டேன்.

“படிக்காமலே டிக் பண்ணிட்டியாம்மா?”

“ரெண்டு தடவ படிச்சேன் மேடம். பேர் வேணாம்னு சொல்லிட்டு மேல ரோல் நம்பர் கேட்டிருக்கீங்க. தாளெல்லாம் பிளேஸ்மென்ட் ஆபீஸ்லதான வாங்கி வெச்சாங்க.”

என் தவறுதான். ரோல் நம்பர் இல்லாத தாளை எங்கள் கல்லூரி கண்டதில்லை. கை தானாக டைப் செய்துவிட்டது.

3.
அவள் ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். ஒரு கம்பெனியின் கழிவு இறங்கி அவர்கள் கிணறு கெட்டுப்போனது. மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட நிலம் சும்மா கிடக்கிறது. அதே கம்பெனி அடுத்த வாரம் எங்களிடம் ஆள் எடுக்க வருகிறது. பௌர்ணமிக்குக் கிரிவலம் வருபவர்களுக்கு இலவசத் தண்ணீர் பாட்டில் கொடுப்பதும் அதுதான். (அதற்குப் பெயர் வைக்கவில்லை. எனக்கும் பயம்.)

“அந்த வேல எனக்கு வேணும் மேடம். அஞ்சு போட்டா வேல போயிடும். ஒண்ணு போட்டா எங்கப்பா மூஞ்சில முழிக்க முடியாது.”

(அவளுக்குத் துணையாக ஒரு தோழியை எழுதினேன், அடித்துவிட்டேன். தனியாகத்தான் வந்தாள். நானும் செங்கம் ரோட்டு வாடகை அறையில் தனியாகத்தான் எழுதுகிறேன். என் கேள்விகளை இரண்டு தடவை படித்தது அவள் ஒருத்திதான். நினைத்தால் அழுகை வருகிறது.)

4.
முடிவு அ: அவள் வேலையை உதறிவிட்டு... இல்லை. மாதச் சம்பளம் வாங்கும் நான் அதை எழுதக் கூடாது.

முடிவு ஆ: எல்லோருடைய பழைய தாளையும் கிழித்தேன். வகுப்பு முழுவதுக்கும் நம்பர் கேட்காத புதுத் தாள் கொடுத்தேன். இது நடந்தது. முதல் கேள்வி, ‘நிறுவனம் கெடுத்ததை நிறுவனமே சரிசெய்ய வேண்டும்.’ பேனாவைத் திறந்த அருணாதேவி நிமிர்ந்தாள்.

“நான் என்ன போட்டேன்னு பாப்பீங்களா மேடம்?”

“பாக்கமாட்டேன். யாருதுன்னே தெரியாது.”

“அப்ப யாருக்குப் போடறது?”

அவள் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். நீங்கள் சொல்லுங்கள் அவளுக்கு.