அபக்கூகியின் ஓணான்

இறந்துகிடந்த கணவனின் சட்டைக்குக் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் சமையல் குடிசையில் கூடை அசைவது கெலராவின் காதில் விழுந்தது. பொத்தான் நழுவியது.

அபக்கூகி தூக்கத்திலேயே போய்விட்டான். போனவன் கூடையையும் கொண்டுபோயிருக்கலாம். அதில் இருந்தது எதிரே கண்ணுக்குத் தெரியும் குட்டித் தீவின் ஓணான், உலகத்தில் வேறெங்கும் இல்லாத சாதி. இருபத்திரண்டு வருஷம் அவற்றுக்குக் காவல் இருந்தவன் அவன். ஒன்றைக்கூடத் தீவை விட்டு எடுக்கக் கூடாது என்று ஊரையே விரட்டியவன், தூண்டில் நரம்பு இறுகிக் கால் வீங்கிய ஒன்றைத் திருட்டுத்தனமாக வீட்டுக்குக் கொண்டுவந்து மருந்து போட்டான்.

கெலராவுக்கு ஓணான் என்றாலே குலை நடுங்கும். இன்று இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. மதியம் தலைநகர் சூவாவிலிருந்து அதிகாரிகள் மரியாதை செய்ய வருகிறார்கள். இதைக் கண்டால் செத்தவனுக்குத் திருடன் என்று பெயர். அடக்கம் முடிந்துவிட்டாலோ, ஊர் வழக்கப்படி நூறு இரவுக்கு இந்தக் கடலில் படகு இறக்கக் கூடாது.

கொழுந்தன் ஜோபே விருந்துக் குழியில் கல்லைக் காயவைத்துக்கொண்டிருந்தான்.

"வேலில போற ஓணான மடில விட்டுக்கிட்ட கதையா பண்ணிட்டுப் போயிட்டாரு அண்ணன். நெருப்புல போட்டுடுங்க அண்ணி. யாருக்குத் தெரியப்போகுது?"

"ராத்திரியெல்லாம் அத மடில வச்சுல்ல மருந்து போட்டாரு. நீ கொண்டுபோய் விட்டுட்டு வா, ஜோபே."

"சவப்பெட்டி தூக்கறதே நான்தான். நீங்க போனா மூடறதுக்குள்ள வர முடியாது. போதகர் நிக்கமாட்டாரு, மூடினதும் முரசு அடிச்சிடுவாங்க. பொண்டாட்டிதான கடைசியா முகத்துல மூக்க வச்சு வழியனுப்பணும்?"

அவள் கூடையை எடுத்துக்கொண்டு கரைக்கு நடந்து படகை இறக்கினாள்.

தீவில் மூடியைத் திறந்ததும் ஓணான் பச்சை மறைந்து கரியாகக் கறுத்தது. வாயைப் பிளந்தது. வெளியே மட்டும் வரவில்லை. புண்கால் கூடைப் பின்னலில் மாட்டியிருந்தது. கையை உள்ளே விடாமல் வழியில்லை.

"ஏசப்பா," என்று கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாள். நகங்கள் மணிக்கட்டில் இறங்கின. உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது, அவளுடையதைவிட வேகமாக. காலை விடுவித்து மரத்தில் வைத்தாள். அது ஒரு முழம் ஏறி, நின்று, அவளைப் பார்த்தது.

அக்கரையில் மர முரசு ஒலித்தது.

கெலரா இரண்டடி பின்வாங்கினாள். இன்னும் பயமாகத்தான் இருந்தது.

"மூடிட்டாங்க," என்று அதனிடம் சொன்னாள்.