மலாயில் சொன்னது

குளுவாங் ரயிலிலிருந்து இறங்கிய லோஷினி, தன் அக்காவின் பஞ்சாபி சூட்டைப் போட்டிருந்தாள். வெளிர்பச்சை, கழுத்தோரம் வெள்ளை நூல் வேலை. பிரவீனா கடைசித் தீபாவளிக்குத் தைத்தது. தங்கை கொஞ்சம் உயரம் என்பதால் கீழ்மடிப்பைப் பிரித்துவிட்டிருந்தார்கள். பிரித்த இடத்தில் மட்டும் துணி வெளுக்காமல், அடர்ந்த கோடாகத் தெரிந்தது. ரூபேந்திரன் அந்தக் கோட்டைப் பார்த்தான். பிறகு அத்தை செல்வராணியின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான்.

அவன் மனைவி பிரவீனாவின் ஆண்டுத் திவசம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஜொகூர் பாருவைச் சுற்றிப் பார்க்கவேண்டும், லோஷினியையும் கூட்டிவருகிறேன் என்று மாமியார் செல்வராணி போன் செய்தபோதே அவனுக்கு விளங்கிவிட்டது. மகள் இருந்தவரை பெர்மாஸ் ஜெயாவிலுள்ள அவன் வீட்டுக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறாள். சமையலறையைத் தாண்டி எதையும் பார்க்கக் கேட்டதில்லை. இப்போது அரண்மனைத் தோட்டம், குன்றுமேல் பள்ளிவாசல், கண்ணாடிக் கோயில் எல்லாம் பார்க்கவேண்டும். அவனும் இவற்றில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போய், இருட்டியபின் திரும்புகிறவனுக்கு ஊர் என்பது எல்லையில் குடிநுழைவுச் சோதனை வரிசைதான். பிரவீனா கேட்டிருக்கிறாள். "இங்கதானே இருக்கு, எப்ப வேணா போலாம்லா" என்பான். டெங்குக் காய்ச்சல் அவளை ஒரே வாரத்தில் கொண்டுபோயிற்று.

அரண்மனைத் தோட்டத்தில் வெயில் அப்போதே ஏறிவிட்டிருந்தது. சீராக வெட்டிய புல் சரிவாக இறங்கிச் சாலையில் முடிந்தது. சாலைக்கு அப்பால் நீரிணை, அதற்கும் அப்பால் நாளைக்கு அவன் போகவேண்டிய சிங்கப்பூர். முட்டி வலிக்கிறது, நீங்கள் இரண்டு பேரும் முன்னால் போங்கள் என்று செல்வராணி ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவனும் லோஷினியும் மழைமரங்களின் கீழே ஒரு சுற்று நடந்து வந்தார்கள். அவள் நாலடி தள்ளியே நடந்தாள். அவனுக்கும் அது சௌகரியமாக இருந்தது.

திரும்பி வந்ததும் லோஷினியை ஐஸ் போட்ட செண்டோல் வாங்க வாசல் பக்கம் அனுப்பிவிட்டு, செல்வராணி பேச்சை எடுத்தாள். வீடு எத்தனை நாள் இருண்டு கிடக்கும் என்றாள். சின்ன வயசு என்றாள். நேரே பார்க்காமல் தன் முட்டியைத் தடவிக்கொண்டே, "வெளியிலேர்ந்து வர்றவ எம்புள்ள படத்தச் செவுத்துல விட்டு வப்பாளா மாப்ள? தங்கச்சின்னா வப்பா" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். காரணம் தேடத் தெம்பு வேண்டும். லோஷினியைக் கேட்டீர்களா என்று மட்டும் கேட்டான். நான் சொன்னால் அவள் கேட்பாள் என்றாள் அத்தை.

"உங்க இஷ்டம் அத்தே."

கடையில் பை வேண்டுமா என்று கேட்டால் சொல்வதுபோல அது வாயிலிருந்து வந்துவிட்டது. செல்வராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தள்ளுவண்டியருகே நின்ற லோஷினி, அம்மா கண்ணைத் துடைப்பதையும் அவன் தலை குனிந்திருப்பதையும் பார்த்தாள்.

அவர்கள் வண்டிக்கு வந்து சேர்ந்தபோது செண்டோல்காரி, மலாய்க்கார அம்மாள், ஐஸ் சீவிக்கொண்டே இவர் யார் என்று லோஷினியிடம் விசாரித்தாள்.

"அபாங்" என்றாள் லோஷினி.

மலாயில் அண்ணனையும் அப்படித்தான் சொல்வார்கள், புருஷனையும் அப்படித்தான். அந்த அம்மாள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்து, நல்ல பொருத்தம் என்று சிரித்தாள். செல்வராணியின் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து அவள் சிரித்து அவன் பார்த்தது அப்போதுதான்.

லோஷினி முதல் கப்பை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"இந்தாங்கண்ணே."

கல்யாணத்தன்றிலிருந்து அவள் அவனை அத்தான் என்றுதான் கூப்பிட்டு வந்திருக்கிறாள்.

"என்னடி வாய் கொழறுது? அத்தான்னு சொல்லு."

"மலாய்ல சொன்னதத்தாம்மா தமிழ்ல சொன்னேன்."

குரல் உயரவில்லை. கப்பை இன்னும் முன்னால் நீட்டினாள். கப் சாய்ந்து கருப்பட்டிப் பாகு தோளில் கிடந்த பச்சை ஷாலில் வழிந்தது. அவள் துடைக்கவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பேசாமல் வாங்கிக்கொண்டால் போதும், வாய்தவறி வந்தது என்று குளுவாங்கில் சொல்லிச் சிரித்து, வெற்றிலை பாக்கு மாற்றிவிடுவார்கள். அண்ணனாகப் பதில் சொன்னால் பிறகு மாற்ற முடியாது. அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட உலகத்தில் ஒரு வீடுதான் இருந்தது. அந்த வீடும் அதோடு போய்விடும்.

"குடு, தங்கச்சி" என்றான்.

ஒரு வாய் குடித்தான். பல் கூசியது.

செண்டோல்காரி அடுத்த ஆளுக்கு ஐஸ் சீவத் தொடங்கியிருந்தாள். பிறகு அத்தையின் கண் ஷாலில் படிந்த கறைமேல் விழுந்தது. எம்புள்ள துணி என்று முனகிக்கொண்டே பையிலிருந்து தண்ணீர்ப் புட்டியை எடுத்து, ஷாலை உருவி, வலிக்கிற முட்டியோடு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேய்த்தாள். துணி நழுவி நழுவிப் போயிற்று.

"இழுத்துப் புடிங்க" என்றாள் அவனிடம். அதற்குப் பின்னால் வரவேண்டிய மாப்ள என்ற சொல்லுக்கு வாய் திறந்து, மூடிக்கொண்டாள்.

கப்பைப் புல்லில் வைத்துவிட்டு அவன் ஒரு முனையைப் பிடித்தான். மறுமுனையை லோஷினி பிடித்தாள். தண்ணீர் பட்டுக் கறை இன்னும் கொஞ்சம் விரிந்தது. கடல் பக்கமிருந்து வந்த காற்றில் அந்தப் பச்சைத் துணி உப்பி எழுந்து, செல்வராணியின் கைக்கு அகப்படாமல், மூன்று பேருக்கும் நடுவே படபடத்துக்கொண்டிருந்தது.