நோவு இறங்கிய பின்னேரம்

ஜேர்மனியின் டோர்ட்மண்டில் டிராம் ஓட்டும் மக்டலீனுக்குக் கடைவாய்ப் பல் சீழ் பிடித்துக் கன்னம் வீங்கியிருந்தது. பல் மருத்துவர் கொடுத்த அன்ரிபயோட்டிக்கை விழுங்கிவிட்டுச் சோபாவில் சாய்ந்தால் காய்ச்சலில் கண் சொருகும். சொருகியதும் கனவில் டிராம் வந்துவிடும். யன்னலுக்கு வெளியே பெய்யும் பனிக்குள், தண்டவாளம் இல்லாமல் அது மிதந்து போகும். ஏறுகிறவர்கள் மீது உப்புக்காற்று மணக்கும். எவருக்கும் இறங்குமிடம் தெரியாது. பல் விண்ணென்று தெறிக்கும்போது மட்டும் அவள் மணியை அடிப்பாள்.

பார்த்துப் பொறுக்கமாட்டாமல் கணவர் அன்ரன், தன் முதுகு நோவுக்கு வைத்திருந்த இபுப்ரொஃபென் குளிசையைக் கொண்டுவந்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. இரண்டு மருந்தும் வயிற்றுக்குள் சண்டை பிடிக்கும் என்று யாரோ சொன்னது மனதில் ஒட்டியிருந்தது. அன்ரன் மூலை மருந்துக்கடைக்கு போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு அவள் தலைமாட்டில் வைத்தார். அங்கே மருந்தாளர் ஜெசிகா, இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. எந்த அன்ரிபயோட்டிக், வேறென்ன குளிசை என்று விசாரித்தாள். காலில் இரத்தம் கட்டியதிலிருந்து, இரத்தம் உறையாமலிருக்க ஒன்று எடுப்பதாக மக்டலீன் முனகினாள்.

"அப்ப இபுப்ரொஃபென் வேண்டாம் அன்ரி. உங்கட அன்ரிபயோட்டிக்கோட அது ஒத்துப்போகும். ஆனா இரத்தக் குளிசையோட சேர்ந்தா உடம்புக்குள்ளை இரத்தம் கசியலாம். பரசிற்றமோல் எடுங்கோ."

அன்ரிபயோட்டிக் எடுப்பதைக் குடும்ப டொக்டருக்கும் சொல்லி இரத்தம் உறையும் அளவைச் சோதிக்கச் சொன்னாள். பிறகு, காலையில் அவள் வேறேதும் குடித்தாளா என்று அன்ரனிடம் கேட்டாள். தடிமன், காய்ச்சலுக்கான எலுமிச்சைத் தூளைச் சுடுதண்ணீரில் கரைத்துக் கொடுத்தது அன்ரன்தான். குப்பைக்கூடையிலிருந்து பைக்கற்றை எடுத்து வாசித்தவரின் குரல் இறங்கிப்போனது.

"இதுக்குள்ளையும் பரசிற்றமோல்தான் பிள்ளை."

"நல்லகாலம் பார்த்துச் சொன்னியள். அடுத்த பரசிற்றமோலுக்கு அன்ரி பின்னேரம் வரைக்கும் பொறுக்கட்டும். அளவு மிஞ்சினா ஈரல் தாங்காது. பிறகும் அந்தத் தூள் வேண்டாம்."

அன்ரன் ஈரத்துணியை அவள் கன்னத்தில் ஒற்றியபடி இருந்தார். அன்பாகக் கலக்கிய எலுமிச்சைத் தண்ணீர்க் கோப்பையைப் பார்க்கவே அவருக்குப் பயமாயிருந்தது. அது மக்டலீனுக்குத் தெரிந்தது. அவர் விரலைப் பிடித்துக்கொண்டே மறுபடி டிராமுக்குள் போனாள். இம்முறை அவரும் முன்னிருக்கையில் இருந்தார். வெள்ளை வெளி மெல்ல மெல்ல நீலமானது.

வெளிச்சம் மங்கும் நேரம் அவர் எழுப்பிப் பரசிற்றமோல் குளிசையைக் கொடுத்தார். சிறிது நேரத்தில் நோவு, கடல் வற்றுவதுபோலத் தாடையை விட்டு இறங்கியது. அவள் எழும்பியிருந்து, கஞ்சி ஏதும் இருக்கோ என்று கேட்டாள்.