கோல் இருந்த வாசல்

மாம்பலம் ஏரியில் தண்ணீர் இருந்த வரைக்கும் மீன் இருந்தது. தண்ணீர் வற்றியதும் ஏரி கிளப் என்று ஒரு ஃபுட்பால் கிளப் இருந்தது. அப்புறம் மனை பிரித்து, வீடு கட்டி, தியாகராய நகர் என்று பெயர் வைத்தார்கள். கிளப்பில் மிச்சம் கோல்கீப்பர் மெஹபூப் பாஷா மட்டும்தான். பிழைப்புக்குக் குடை ரிப்பேர்.

மாதத்தின் முதல் ஞாயிறு, சாயங்காலம் நாலு மணிக்கு, ஒரு மாடி வீட்டு வாசலில் பாஷா வந்து நிற்பார். கிழக்குப் பக்கத்துக் கோல் இருந்தது அங்கேதான். ஆட்டத்துக்கு முன்னால் கேப்டன் பதினோரு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவது கிளப் வழக்கம். அவனவன் "கீறேன்" என்று, அதாவது வந்திருக்கிறேன் என்று, சொல்ல வேண்டும். சொல்லாதவன் பந்தைத் தொடக்கூடாது. இப்போது பாஷாவே கூப்பிட்டு, பாஷாவே அவரவர் குரலில் பதிலும் சொல்லிக்கொள்கிறார். வீட்டுக்கார ஜானகி அம்மாள் ஜன்னலிலிருந்து, "அப்படி யாரும் இந்த ஆத்துல இல்லையே" என்று மூன்று வருஷமாக அலுக்காமல் சொல்லி வருகிறார்.

அந்தப் பதினோரு பேரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இடது ஓரத்தில் ஆடும் லெஃப்ட் அவுட் வேலு ஓடினால், பக்கத்தில் போகிற ரயிலை லேட் என்று ஸ்டேஷனில் எழுதிவிடுவார்கள். பின்வரிசையில் பேக் ஆடும் மண்ணாங்கட்டி சனிக்கிழமை உதைத்த பந்து திங்கட்கிழமை கொட்டிவாக்கத்தில் ஒரு தென்னையிலிருந்து இறங்கியது. இளநீர் என்று சீவியவர் காற்றைக் குடித்துவிட்டுப் போனார். பின்னால் வேலு பினாங்குக்குப் போனார். மண்ணாங்கட்டி மண்ணுக்கே போனார். மற்றவர்கள் எங்கே என்று விசாரிக்கப் போனவரும் திரும்பவில்லை.

கேப்டன் தணிகாசலம் ரங்கூனில் இருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநாலில் ஆடிய கடைசி ஆட்டத்தோடு பாஷாவுடன் பேச்சு நின்றுபோனது. பூட்ஸ் போட்ட கம்பெனி டீமிடம் வெறுங்கால் டீம் ஒரே கோலில் தோற்ற ஆட்டம். முதல் பாதியில், இடுப்பு உயரத்தில், கைக்கு எட்டுகிற மாதிரி பந்து வந்தது. பாஷா பாயவில்லை. நின்று பார்த்தார்.

ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார். காக்கை மறைத்தது என்றார். பந்து உருதுவில் சலாம் சொன்னது, பதில் சலாம் வைக்கக் கையை எடுத்துவிட்டேன் என்றார். தணிகாசலத்திடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

பன்னிரண்டு வருஷம் கழித்து, இந்த ஞாயிறு வருவதாகத் தணிகாசலம் சொல்லியனுப்பியிருந்தார். நொச்சிக்குப்பத்தில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு வாரம், அப்புறம் மறுபடி கப்பல். பாஷாவுக்கு வேண்டியது ஒன்றுதான். பேரைக் கூப்பிட்டதும் அந்த வாய் ஒரு தடவை 'கீறேன்' சொல்ல வேண்டும். பத்துப் பேர் குரலும் பாஷாவுக்கு அப்படியே வரும். தணிகாசலத்தின் குரல் மட்டும் வந்ததேயில்லை.

நாலு மணிக்குத் தணிகாசலம் வந்தார். காலில் பூட்ஸ். பாஷா ஒன்றும் கேட்காமல் ஆரம்பித்துவிட்டார்.

"தணிகாசலம்."

"இரு பாய். அன்னிக்கு ஏன் பாயல? நெசத்தச் சொல்லு, கீறேன்னு சொல்றேன்."

பாஷா சொன்னார். கோல்கிட்ட சுண்ணாம்பில் கோடு போட்டுவை என்று தணிகாசலம் அன்று தன் தங்கை முனியம்மாளிடம் சொல்லிவிட்டு மேற்குப் பக்கம் போய்விட்டார். கோல் என்றால் என்னவென்று அவளுக்கு யார் சொன்னது? கோலம்தானே தெரியும். இரண்டு கம்பத்துக்கும் நடுவே இருபத்தொரு புள்ளி வைத்து இழுத்திருந்தாள். பாஷா அதற்கு முன்னால் நின்றே ஆடினார். அந்தப் பந்துக்குப் பாய்ந்தால் அதன் மேல்தான் விழ வேண்டும். இடைவேளையில், பூட்ஸ்காரர்கள் அந்தப் பக்கம் வருமுன், அவளே அதைத் துடைத்துவிட்டாள். துடைக்குமுன் அவரைப் பார்த்து, "ஒரு புள்ளி அழியல பாய்" என்றாள். வெளியே சொன்னால் அண்ணன் கையால் அடி அவளுக்குத்தான் விழும். அதனால்தான் காக்கை, அதனால்தான் சலாம்.

தணிகாசலம் சிரிக்க ஆரம்பித்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் நிறுத்தினார். "காக்காவ நம்பினாலும் நம்புவேன். இதான் பாய் நீ சொன்னதுலயே பெரிய புளுகு."

"முனியம்மாவக் கேளு நைனா. பார்த்துக்கினு இருந்தா."

தணிகாசலத்தின் முகம் மாறியது. "அவ போயி ரெண்டு வருசம் ஆவுது. செத்தவள சாட்சிக்கு இழுக்காத."

திரும்பி, ஜானகி அம்மாள் காலையில் போட்டிருந்த கோலத்தின் மேலேயே பூட்ஸ் காலோடு நடந்து, மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் போய்விட்டார்.

பாஷா குனிந்து பார்த்தார். நாலு புள்ளி போயிருந்தது. வேலுவில் ஆரம்பித்துப் பத்துப் பேரையும் கூப்பிட்டு, பதிலும் சொன்னார். பதினோராவது பேருக்கு வாயைத் திறந்து மூடிக்கொண்டார். அப்புறம் கிளப்பில் இல்லாத ஒரு பேரைக் கூப்பிட்டார்.

"முனியம்மா."



"இது புதுப் பேரான்னா இருக்கு?" என்றார் ஜன்னலில் ஜானகி அம்மாள். "யாரு?"

"கோடு போடச் சொன்னா கோலம் போட்டவங்கம்மா. மிதிக்க மனசு வரல, தோத்துட்டேன்."

"அதெப்படி மிதிக்கறது?" என்றார் ஜானகி அம்மாள். சட்டென்று நம்பிவிட்டார்.

என்ன பிரயோசனம்? அவர் கிளப்பில் இல்லையே. பாஷா கோலத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.