புளித்த தேத்தண்ணியும் ஊதும் மெஷினும்

மாடி வீட்டுச் சங்கவி ஒரு கண்ணாடிப் போத்தலை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு படியிறங்கி வந்தபோது, விஜயகுமாரி யாருடைய ரவிக்கைக்கோ கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். சங்கவி கோயமுத்தூர்ப் பெண். வங்கி வேலைக்காகப் போர்ட் பிளேருக்கு வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை.

"அக்கா, மெயின்லேண்டுல ஒரு மாசம் ட்ரெயினிங். இத மட்டும் கொஞ்சம் பாத்துக்கறீங்களா?"

போத்தலுக்குள் பழுப்பாகத் தண்ணீர். அதன் மேல் விரல் கனத்தில் வெளிறிப்போன, வழவழப்பான வட்டம் ஒன்று மிதந்தது. அடியில் நார்நாராக ஏதோ தொங்கியது.

"என்னா இது?"

"கொம்புச்சாக்கா. தேயிலைத் தண்ணிய புளிக்க வெச்சுக் குடிக்கறது. மேல மெதக்குது பாருங்க, அதுதான் அம்மா."

"யாரோட அம்மா?"

"கொம்புச்சாவோட அம்மா. உயிரோட இருக்குதுக்கா. பத்து நாளைக்கு ஒருக்கா புதுசா டீ போட்டுக் குடுக்கணும். இல்லீன்னா பட்டினியில செத்துப்போயிரும்."

குளித்துவிட்டு வந்த அவள் கணவன் யோகராஜ், தலையைத் துவட்டியபடியே குனிந்து பார்த்தான். "இது சொறிமீனு. கைய வைக்காத விஜயா, அரிக்கும்" என்றான். படகு எஞ்சினில் இருபது வருஷமாக வேலை பார்ப்பவன். கடலில் மிதப்பதைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை என்பது அவன் எண்ணம்.

விஜயகுமாரி வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தாள். அவள் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அதற்கு முன் இலங்கை மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள். அவர்கள் வீட்டில் தேத்தண்ணி என்றால் நாக்கைச் சுட வேண்டும். ஆறிவிட்டால் வாழைமரத்தின் அடியில் கொட்டிவிடுவார்கள். அதைப் போய் பத்து நாள் மூடிவைத்து, புளிக்கவைத்து, பயபக்தியோடு குடிப்பதா? ஆனால் பட்டினி என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போனாளே அந்தப் பெண். வீட்டுக்கு வந்த எதையும் பட்டினி போட்டுப் பழக்கம் இல்லாதவள் விஜயகுமாரி.

பத்தாம் நாள் அவளே போட்டாள். சங்கவி எழுதிவைத்துவிட்டுப் போன தாளை மாவு டப்பாவில் சாய்த்துவைத்து, அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். பெரிய ஏனத்தில் தண்ணீர் கொதித்தது. ஒரு கப் சீனி போட வேண்டும் என்று எழுதியிருந்தது. "இந்தச் சீனியில ஒரு கல்யாண வீட்டுக்கே தேத்தண்ணி ஊத்தலாமே" என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டாள். சூட்டோடு போட்டால் அம்மா செத்துவிடும் என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்ததால், ஏனத்துக்குள் ஐந்து முறை விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு ஆறிய தேத்தண்ணியைப் போத்தலில் ஊற்றி, பழைய புளித்த தண்ணீரிலிருந்து ஒரு கப் சேர்த்து, அந்த வட்டத்தை இரண்டு கையாலும் ஏந்தி இறக்கினாள். அது ஒருதரம் மூழ்கி, சாய்ந்து, மெல்ல மேலே வந்தது. போத்தல் வாயில் கிளிப்பச்சை ரவிக்கைத் துணியைப் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டினாள். அதன் பிறகு தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் கண் அங்கேயே போனது.

தினமும் காலையில் துணியை விலக்கி மோந்து பார்த்தாள். விஜயகுமாரியின் மூக்கைப் பற்றி, அவர்கள் குடியிருக்கும் குட்வில் எஸ்டேட் பகுதியில் தெரியாதவர் கிடையாது. பதினாலு வருஷமாக அந்த மூக்குக்கு ஒரே வேலைதான். சாயங்காலம் யோகராஜ் கேட்டைத் திறக்கும்போதே அவள் வாசலில் நிற்பாள். "ஊதுங்க" என்பாள். அவனும் குடித்த வாடையை மறைக்கக் கிராம்பு மென்றான், கொய்யா இலை மென்றான், ஒருநாள் பச்சை வெங்காயத்தை முழுசாகக் கடித்துக்கொண்டு கண்ணில் நீர் வழிய வந்து நின்றான். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் அவனை நிறுத்தியது மூக்கும் இல்லை, திட்டும் இல்லை. மகள் தமிழரசியை நர்சிங் படிக்கக் கப்பலேற்றிய அன்று, வழியனுப்பப் போனவன் கப்பல்துறை ஜெட்டியில் போதையில் நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டான். மகள் மேல்தளத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே போனாள். அன்றோடு விட்டான். அது நடந்து இரண்டு வருஷம் எட்டு மாதம். மூக்கு மட்டும் இன்னும் வேலையை விடவில்லை.

ஏழாம் நாளே தேத்தண்ணி புளித்துவிட்டது. போர்ட் பிளேர்ப் புழுக்கத்தில் எது புளிக்காது? முதல் வாயை அவளே குடித்தாள். முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. காடியா, பழச்சாறா, கெட்டுப்போன எதுவோவா என்று தெரியவில்லை. ஆனால் கிளாஸைக் கீழே வைத்தபின் கை திரும்ப அதனிடமே போனது.

யோகராஜ் ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கண்ணை இறுக்கி மூடினான். பிறகு திறந்தான்.

"தொண்டையில என்னாமோ நடக்குது விஜயா."

"நல்லதா, கெட்டதா?"

"இன்னொரு கிளாஸ் குடு, சொல்றேன்."

மூன்று கிளாஸ் குடித்தும் அவன் சொல்லவில்லை. சாயங்கால நேரத்தில், கையில் கிளாஸுடன், காலை நீட்டிப்போட்டு அவன் இப்படி நிம்மதியாக உட்கார்ந்து அவள் பார்த்து ரொம்ப நாளாயிற்று. அவளுக்கு அது பிடித்தும் இருந்தது, பழைய சாயங்காலங்களை ஞாபகப்படுத்தவும் செய்தது.

அடுத்ததாக, சங்கவியின் தாளில் இரண்டாம் பக்கத்தில் இருந்ததையும் செய்து பார்த்துவிட்டாள். சிப்பிகாட்டிலிருந்து வந்த அன்னாசியைப் பொடியாக நறுக்கி, புளித்த தண்ணீரோடு இரண்டு போத்தல்களில் அடைத்து, மூடியை இறுக்கி இரண்டு நாள் வெளியே வைத்தாள். புதன்கிழமை விடிகாலை யோகராஜ் வேலைக்குக் கிளம்பும்போது இரண்டையும் அவன் பையில் வைத்தாள். "சின்னது இப்பக் குடிக்க. பெருசு மத்தியானச் சோத்துக்கு. ஸ்கூட்டர குலுக்காம ஓட்டுங்க."

ஆறு மணிக்குப் போன் அடித்தது. படகில் டிக்கெட் பார்க்கும் சந்திரமோகன்.

"அண்ணி, பதறாதீங்க. அண்ணன போட்டுல ஏத்தமாட்டேங்கிறாங்க. மெஷின்ல ஊதச் சொன்னாங்க. சிவப்பு வந்துருச்சு."

விஜயகுமாரி கையில் இருந்த கரண்டியை எங்கே வைத்தாள் என்று பிறகு அவளுக்கே தெரியவில்லை. நைட்டிக்கு மேல் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தினாள். மின்னி பே வழியாக வண்டி இறங்கிய நேரமெல்லாம் மனதுக்குள் ஒரே கணக்குத்தான். யாரோடு சேர்ந்தான்? எப்போது குடித்தான்? ராத்திரி முழுக்கப் பக்கத்தில்தானே படுத்திருந்தான்? கையில் வளையல்கூடப் போடவில்லை என்பது ஆட்டோக்காரனுக்குச் சில்லறை கொடுக்கும்போதுதான் தெரிந்தது.

படகுக் கம்பெனியின் ஜெட்டி வாசலில் ஹேவ்லாக் தீவுக்குப் போகும் பயணிகள் பெட்டிகளோடு வரிசையாக நின்றார்கள். ஓரத்தில் ஒரு பாதாம் மரத்தடியில் யோகராஜ் சீருடையோடு உட்கார்ந்திருந்தான். அவள் நேராகப் போய் அவன் முன்னால் நின்றாள்.

"ஊதுங்க."

"விஜயா, நான்…"

"ஊதுங்கன்னு சொல்றேன்ல!"

ஊதினான். புளிப்பு வாடை. அதற்கு மேல் அவள் எதையும் யோசிக்கவில்லை. "ரெண்டு வருஷமா உத்தமன் வேஷம் போட்டீங்களா? புள்ளைக்கு நான் என்னா பதில் சொல்றது? எந்த மொகத்த வெச்சுக்கிட்டு…" என்று ஆரம்பித்தவள், தனக்குத் தெரிந்த தமிழை முடித்து ஹிந்திக்கும் போய்விட்டாள். வாசல் காவலாளி பிஸ்வாஸ், வரிசையில் நின்றவர்களுக்குப் புரியாமல் போன தமிழை மட்டும் ஹிந்தியில் எடுத்துச் சொல்லி உதவினார்.

அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் யோகராஜ் வாயைத் திறந்தான். குரல் மிகவும் சின்னதாக இருந்தது.

"கேட்டுக்கிட்ட நின்னு ஒன்னுதான் குடிச்சேன். நீ குடுத்த போத்தல்."

அவன் கையை நீட்டினான். கையில் காலியான சின்னப் போத்தல். அடியில் அன்னாசித் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் அதை வாங்கவில்லை. அவன் பையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குள் போனாள்.

மேனேஜர் கோவிந்தராஜ் நெற்றி நிறைய விபூதியும் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையுமாக உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் அந்த மெஷின் இருந்தது. முதலாளி சென்னையிலிருந்து அனுப்பியது. அடையாள அட்டையை அதன்மேல் வைத்தால் பேர் வரும். குழாயில் ஊதினால் முடிவு அப்போதே சென்னை ஆபீசுக்குப் போய்விடும்.

"சார், அவரு குடிக்கல. நான் ஒம்பது நாளு புளிக்க வெச்ச தேத்தண்ணிதான் அது. இன்னொரு தடவ ஊதச் சொல்லுங்க."

"ஒரு நாளைக்கு ஒரு தடவைதாம்மா. ரூல்ஸ்னா ரூல்ஸ். மெஷின் பொய் சொல்லாது."

"மெஷின் ஜூட் நஹீ போல்தா!" என்று வாசலில் பிஸ்வாஸ் பயணிகளுக்குச் சொன்னார்.

"அப்ப நீங்க ஒரு வாய் குடிச்சிட்டு ஊதுங்க சார். பச்சை வந்துச்சுன்னா நான் இவரக் கூட்டிக்கிட்டுப் போயிர்றேன்."

கோவிந்தராஜ் சிரித்தார். "ஏம்மா, நான் இருமலுக்குக்கூட டானிக் குடிக்கமாட்டேன். அதுல ஸ்பிரிட் இருக்கும்னுட்டு. டீதான? கொண்டாங்க, குடிப்போம். நான் ஊதுனா மெஷினுக்கே புண்ணியம்." அட்டையை எடுத்து மெஷின்மேல் வைத்தார். அவர் பேர் பளிச்சென்று வந்தது.

பெரிய போத்தல் பையிலிருந்து வெளியே வந்தது. குலுக்காமல் ஓட்டச் சொல்லியிருந்தாள்தான். ஆனால் அந்த ரோட்டில் யாரால் ஏலும்? மூடியை அரைச்சுற்றுத் திருப்பியதும் "டப்" என்று ஒரு சத்தம். தேத்தண்ணி பொங்கிச் சீறி, ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைத் தொட்டது. மின்விசிறி அதை அறை முழுக்கப் பாகுபாடு இல்லாமல் பங்குபோட்டது. கோவிந்தராஜின் சட்டையில் பழுப்புப் புள்ளிகள் விழுந்தன. விபூதியின் நடுவில் ஒரு அன்னாசித் துண்டு வந்து உட்கார்ந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சந்திரமோகன் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

போத்தலில் பாதி மிச்சமிருந்தது. கோவிந்தராஜ் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். வீறாப்பாகக் கிளாஸை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். முகம் சுருங்கியது. "நல்லாத்தான் இருக்கு" என்று தன்னை மறந்து சொல்லிவிட்டுக் குழாயில் ஊதினார்.

மெஷின் வீலென்று கத்தியது. சிவப்பு.

"சாய் பீ கே மேனேஜர் சாப் லால்!" என்று பிஸ்வாஸ் கூவினார். மேனேஜர் டீ குடித்துச் சிவப்பாகிவிட்டார் என்றதும் வரிசை கலைந்து பயணிகள் ஆபீஸ் ஜன்னலில் அப்பிக்கொண்டார்கள்.

"ரிப்பேர்! மெஷின் ரிப்பேர்! இன்னொரு தடவ ஊதுறேன்" என்றார் கோவிந்தராஜ்.

"ஒரு நாளைக்கு ஒரு தடவைதானே சார்?" என்று கேட்டாள் விஜயகுமாரி. பணிவாகத்தான் கேட்டாள்.

அதற்குள் அவருடைய போன் அடித்தது. சென்னை. கோவிந்தராஜ் எழுந்து நின்று பேசினார். "வணக்கம் சார்… இல்ல சார்… சத்தியமா இல்ல சார்… டீ சார். இல்ல, டீ குடிச்சா வராதுதான் சார். இது பழைய டீ… ஒம்பது நாள் டீ சார்… ஐயோ, நான் தெளிவாத்தான் பேசுறேன் சார்!"

கடைசியில் போனை விஜயகுமாரியே வாங்கினாள். சென்னை முதலாளியிடம் சீனி எவ்வளவு, தேயிலை எவ்வளவு, மூடி எப்படி இறுக்குவது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அம்மாவைப் பற்றிச் சொன்னபோது மறுமுனையில் அவரும் "யாரோட அம்மா?" என்று கேட்டார். பிறகு அந்த மனிதர், "ரெண்டு பேரும் வாய நல்லா கொப்பளிச்சிட்டு, கால் மணி நேரம் கழிச்சு ஊதட்டும்" என்றார்.

அந்தக் கால் மணி நேரம் மேனேஜரும் எஞ்சின்காரனும் ஒரே பெஞ்சில், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைப் போல உட்கார்ந்திருந்தார்கள். கோவிந்தராஜ் ஆறு தடவை கொப்பளித்தார். உதடு அசைந்தது, கந்த சஷ்டிக் கவசமாக இருக்கலாம். முதலில் யோகராஜ் ஊதினான். பச்சை. சுத்தமாகப் பூஜ்யம். கோவிந்தராஜ் ஊதும்போது கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கும் பச்சைதான். ஜன்னலில் நின்ற பயணிகள் கைதட்டினார்கள்.

படகு ஐம்பது நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. யோகராஜ் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று பகல் விஜயகுமாரிக்கு ஒரு தையலும் நேராக விழவில்லை. ஒரு ரவிக்கைக்கு இரண்டு இடது கை வைத்துவிட்டாள். சாயங்காலம் அவன் வந்தான், குளித்தான், பேசாமல் சாப்பிட்டான். அவள் போத்தலைத் தூக்கிக்கொண்டு தொட்டியடிக்குப் போனாள்.

"என்னா செய்யப் போற?"

"கொட்டப் போறேன். இதுனாலதான எல்லாம்."

"அது என்னா பண்ணுச்சு, பாவம்? திட்டுனது நீதான?"

போத்தலைக் கீழே வைத்தாள். அழுகை வந்தது, முந்தானை இல்லாததால் கிளிப்பச்சைத் துணியில் மூக்கைத் துடைத்தாள். "இனிமே ஒங்கள மோந்து பாக்கமாட்டேங்க. தமிழரசி மேல சத்தியமா."

யோகராஜ் கையைக் கழுவிவிட்டு வந்தான். அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான்.

"மோந்து பாரு. பதினாலு வருஷமா பாத்தது, திடீர்னு நிறுத்துனா எனக்கும் ஒரு மாதிரி இருக்கும். மோந்து பாத்துட்டு ஒரு வார்த்த கேளு. கேக்காம திட்டாத. அம்புட்டுத்தான்."

"கேக்கறேன்."

"அந்த பிஸ்வாஸ் ஹிந்தியில சொன்னப்பதான் ரொம்ப அசிங்கமா போச்சு" என்றான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மேனேஜர் நெற்றியில் அன்னாசி உட்கார்ந்ததைப் பற்றி அவன் சொல்ல, அவள் சொல்ல, கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் வயிறு வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை கேட்டில் கார் வந்து நின்றது. கோவிந்தராஜும் அவர் மனைவி மங்கையர்க்கரசியும் இறங்கினார்கள். அந்த அம்மாள் கையில் கழுவித் துடைத்த ஊறுகாய் ஜாடி ஒன்று இருந்தது.

"தப்பா நினைக்காதீங்க" என்றாள். "அன்னிக்கு வந்ததிலேருந்து இவரு அந்தப் பேச்சாவே இருக்காரு. வயிறு லேசா இருந்துச்சாம்."

"லீவு நாளைக்கு மட்டும்" என்றார் கோவிந்தராஜ் அவசரமாக.

அம்மாவுக்கு அடியில் புதிதாக ஒரு மெல்லிய ஏடு பிடித்திருந்தது. விஜயகுமாரி அதைக் கிழியாமல் பிரித்து, மங்கையர்க்கரசியின் ஜாடிக்குள் இறக்கினாள். "பட்டினி போட்டுறாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.